தோட்டப் பாட்டும் இசைத்தட்டும்

மாத்தளை நகருக்கு வடக்கே, யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருந்தெருவின் அருகிலே, பெரும் பாறைகளுக்கிடையில் அமைந்துள்ளது அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டிலே, வாலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே பேணப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் இவ்விடத்திலேயே முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது வழிவழி வந்த வரலாறு. பஞ்சமும் படையெடுப்பும் நாட்டை வருத்திய அக்காலத்தில், மறைநூலை மனனஞ் செய்த துறவியர் மடிந்தால் அவர் நாவில் வாழ்ந்த நூலும் உடன் மடியும் என்னும் அச்சமே அவ்வரிய முயற்சிக்குக் காரணமாயிற்று. குரலிலே வாழ்வது குரலுடையாரோடு மறையும் என்ற உண்மையை உணர்ந்து செயற்பட்ட ஊர் என மாத்தளை வரலாற்றில் இடம்பெறுகின்றது.

அந்த ஊரைச் சூழ்ந்த மலைகளிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி முதலாக, வேறொரு மக்கட் கூட்டத்தின் குரலும் ஒலித்து வருகின்றது. தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரின் தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும், தப்போசையும் கூத்துப் பாட்டுமே அக்குரல். குரலைப் பேணுவதற்கு ஏட்டினும் சிறந்த கருவியொன்றை இருபதாம் நூற்றாண்டு மக்கள் கையிற் கொடுத்தது. அதுவே இசைத்தட்டு. உலகின் மற்றொரு பகுதியிலே தோட்டத் தொழிலாளரின் பாட்டு அத்தட்டில் ஏறிக் கடல் கடந்து, அத்தொழிலாளரைக் கண்டும் அறியாத இளைஞரின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. மாத்தளைத் தோட்டங்களின் பாட்டுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது என ஆராய்தல் இசை வரலாற்றுக்கு மாத்திரமன்றிச் சமுதாய வரலாற்றுக்கும் பயன் தருவதாகும்.

தட்டு வாங்கிய இளைஞர்

1961ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 17ஆம் நாள், இலண்டன் மாநகருக்குக் கிழக்கேயுள்ள டார்ட்போர்ட் புகையிரத நிலையத்திலே இளைஞர் இருவர் சந்தித்தனர். ஒருவர் இலண்டன் பொருளியற் கல்லூரி மாணவரான மிக் ஜாகர், வயது 18. மற்றவர் சிட்கப் ஓவியக் கல்லூரி மாணவரான கீத் ரிச்சர்ட்ஸ், வயது 17. சிறு வயதில் ஒரே ஆரம்ப பாடசாலையிற் பயின்ற இவ்விருவரும் இடையிலே பிரிந்து போயினர். அன்று அவர்களை மீண்டும் இணைத்தது ஜாகர் கையிலே தாங்கியிருந்த இசைத்தட்டுகளே. சக் பெரி, மடி வாட்டர்ஸ் என்னும் கறுப்பினப் பாடகர்களின் தட்டுகள் அவை. தம் ஊர்க் கடைகளில் எளிதிற் கிடையாத அத்தட்டுகளை, அமெரிக்காவின் சிக்காகோ நகரிலிருந்த செஸ் என்னும் நிறுவனத்துக்கு எழுதித் தபால் மூலம் ஜாகர் வரவழைத்திருந்தார்.

இந்நாளிலே அவ்விளைஞரின் ஆர்வத்தை முற்றாக விளங்கிக்கொள்ளுதல் எளிதன்று. ஒரு தட்டின் பெயரை எங்கோ கேள்வியுற்று, சேமித்த காசை அனுப்பி, கப்பல் வழியாக அது வந்து சேரும் வரை காத்திருந்து, வந்தபின் அதனைத் தேயத் தேயக் கேட்டனர் அக்காலத்து இளைஞர். அவ்வாறு கேட்ட இசை, அன்றைய ஆங்கில மெல்லிசை போன்று மெருகூட்டப்பட்டதன்று. கரகரத்த குரல், அடிவயிற்றிலிருந்து எழும் ஓலம், ஒரே சந்தத்தை விடாப்பிடியாகத் திரும்பத் திரும்ப அடிக்கும் தாளம், இன்பத்தையும் ஏக்கத்தையும் ஒளிவு மறைவின்றி உரைக்கும் சொல். இவ்விசைக்கே ‘ரிதம் அன்ட் புளூஸ்’ என்று பெயர். தாளமும் துயரும் கலந்தது எனப் பொருள் கொள்ளலாம். இப்பெயர் வழக்கிற்கு வந்தது 1949ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன் அமெரிக்க வணிகர் இத்தகைய தட்டுகளை ‘இனத் தட்டுகள்’ என்று கூறித் தனியே ஒதுக்கி வைத்திருந்தனர். அப்பெயரின் இழிவை உணர்ந்த ‘பில்போர்ட்’ வார இதழ், தன் எழுத்தாளரான ஜெரி வெக்ஸ்லர் சூட்டிய புதிய பெயரை ஏற்று, அவ்வாண்டு யூன் மாதம் முதல் தன் பட்டியலை மாற்றியமைத்தது.

டார்ட்போர்ட் நிலையத்தில் இணைந்த இருவரும் பிறரோடு சேர்ந்து அமைத்த குழு 1962ஆம் ஆண்டு யூலை 12ஆம் நாள் இலண்டன் மார்க்கீ மன்றத்தில் முதன்முதலாக மேடையேறிற்று. மடி வாட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட தட்டொன்றின் பெயரிலிருந்தே அக்குழுவினர் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ என்னும் தம் பெயரை எடுத்துக்கொண்டனர். 1964ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கள் பாடி வெளியிட்ட ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’ என்னும் தட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அப்பாட்டை 1961இல் சிக்காகோவிற் பாடித் தட்டேற்றியவர் ஹவ்லின் உல்ப் என்னும் கறுப்பினப் பாடகர் ஆவார்.

பருத்திக் காட்டிலிருந்து சிக்காகோவுக்கு

ஹவ்லின் உல்ப் 1910ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்திற் பிறந்தவர். இளமையில் அவருக்குக் கித்தார் பயிற்றியவர் சார்லி பாற்றன் என்பார். பாற்றனோ டொக்கரி என்னும் பெரும் பருத்தித் தோட்டத்தில் வாழ்ந்தவர். மடி வாட்டர்ஸும் அம்மாநிலத்து ஸ்டோவல் தோட்டத்தில் உழவுப்பொறி ஓட்டியவரே. ஆகவே, இலண்டன் இளைஞர் தேடித் தேடி வாங்கிய இசையின் வேரை அகழ்ந்து நோக்கினால், அது தோட்டத் தொழிலாளரின் குடிசை வாசலிலே சென்று முடிகின்றது.

அத்தோட்டங்களின் வாழ்வு எத்தகையது? ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்கள், அடிமைமுறை ஒழிந்த பின்னரும் நிலவுடைமையாளரின் கடன் கணக்கிற் கட்டுண்டு கிடந்தனர். விதைக்கும் உணவுக்கும் தோட்டத்துக் கடையிலே கடன். அறுவடை முடிந்ததும் கணக்கு. கணக்கு முடிந்ததும் மீண்டும் கடன். அவர்களின் முன்னோரிடமிருந்து முரசும் பறிக்கப்பட்டிருந்தது. 1739ஆம் ஆண்டு தென் கரோலினாவில் அடிமைகள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தனர். அதன் விளைவாக, மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் அவர்கள் முரசு வைத்திருத்தலையே தடைசெய்தது. முரசை இழந்த மக்கள் தாளத்தைக் கையொலியிலும் காலொலியிலும், பின்னர்க் கித்தார் நரம்பிலும் காப்பாற்றினர். ஜாகரும் ரிச்சர்ட்ஸும் தட்டிற் கேட்ட விடாப்பிடியான தாளம் அவ்வாறு காக்கப்பட்டதே.

1941ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்த அலன் லோமாக்ஸும் பிஸ்க் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஜோன் வேர்க்கும் ஒலிப்பதிவுக் கருவியோடு ஸ்டோவல் தோட்டத்துக்குச் சென்றனர். அங்கே மடி வாட்டர்ஸின் குடிசையிலேயே அவர் பாட்டைப் பதிந்தனர். தம் குரலைத் தட்டிலே கேட்ட அத்தொழிலாளிக்கு, தாமும் பாடகர் என்னும் உறுதி பிறந்தது. 1943இல் அவர் புகையிரதமேறிச் சிக்காகோ சென்றார். நகரின் இரைச்சலுக்கு மேலே தம் இசை கேட்கவேண்டும் என்பதற்காக மின்சாரக் கித்தாரைக் கையில் எடுத்தார். 1948இல் வெளிவந்த அவர் தட்டு இரண்டொரு நாளிலேயே விற்றுத் தீர்ந்தது. வாங்கினோர் யாவர்? அவரைப் போன்றே மிசிசிப்பியிலிருந்து சிக்காகோவுக்குக் குடிபெயர்ந்து, ஆலைகளிற் கூலி பெற்ற கறுப்பின மக்களே.

வடபாதையும் தோட்டமும்

இனி, மாத்தளையை நோக்குதல் தகும். கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டிற் பரவிய 1830களிலும் 1840களிலும், இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் முதலிய இடங்களிலிருந்து தொழிலாளர் படகேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து வறண்ட காட்டினூடே கால்நடையாகத் தம்புள்ளை வழியே மாத்தளையை அடைந்தனர். நூறு மைலுக்கு மேற்பட்ட அவ்வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டவர் பலர். உயிரோடு வந்து சேர்ந்தோருக்கு மலைநாட்டின் வாயிலாக நின்றது மாத்தளையே. நோய் தீர்க்கும் தெய்வமான மாரியம்மனுக்கு இந்நகரிலே பெருங்கோயில் எழுந்ததும், மாசி மகத்தில் ஐந்து தேர்கள் வீதியுலா வருவதும் அவ்வழிநடையின் நினைவோடு இயைந்தவை எனலாம்.

1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழியத் தொடங்கிற்று. 1880இல் புகையிரதம் மாத்தளைக்கு வந்தது. தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் கோப்பி நின்ற இடத்தைப் பிடித்தன. பயிர் மாறிற்று, தொழிலாளரின் நிலை மாறிற்றில்லை. இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை முதலிய பகுதிகளின் தோட்டங்களிலே அவர்கள் லய அறைகளில் வாழ்ந்தனர். கங்காணி கொடுத்த முன்பணம் கடனாயிற்று. கொடுக்கப்பட்ட அரிசி கூலியிற் கழிக்கப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்லவேண்டுமாயின் கடனைக் குறித்த ‘துண்டு’ வேண்டும். 1921ஆம் ஆண்டிலேயே அத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மிசிசிப்பியின் கடன் கணக்கும் மாத்தளையின் துண்டும் ஒரே கயிற்றின் இரு முனைகள் எனின் மிகையாகாது.

எனினும், முரசின் வரலாறு இரு இடங்களிலும் வெவ்வேறாயிற்று. அமெரிக்காவில் முரசு தடுக்கப்பட்டது. இலங்கைத் தோட்டத்தில் முரசு வேலைக்கு அமர்த்தப்பட்டது. விடியுமுன் தப்படித்துத் தொழிலாளரைத் துயிலெழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைப்பது தோட்ட வழக்கம். கால் கடுக்க மலையேறும் நாளைத் தொடக்கிவைத்த அதே தப்பு, மாலையில் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் இழவுக்கும் முழங்கிற்று. மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்து, பொன்னர் சங்கர் கதை, அருச்சுனன் தபசு ஆகியவை தப்பும் உடுக்கும் சேர விடிய விடிய நடைபெற்றன. நாற்று மேட்டிலும் கொழுந்து மலையிலும் பெண்கள் பாடிய பாட்டுகள் கங்காணியை எள்ளின; கணக்கப்பிள்ளையைச் சாடின; பிறந்த ஊரை எண்ணி ஏங்கின. உழைப்பின் களைப்பும் பிரிவின் துயரும் அடிபணியாத நகையும் ஒருங்கே அமைந்த இப்பாட்டு, மிசிசிப்பிப் பாட்டுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

வாங்குவோரும் பாடுவோரும்

பின்னர், ஒன்று தட்டேறியதும் மற்றொன்று ஏறாததும் எதனால்? பாட்டின் நீளம் காரணமன்று. ஒரு நிமிடத்தில் 78 முறை சுழலும் பழைய தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஒலிக்கும். விடிய விடிய ஆடும் கூத்தை அதில் அடக்க முடியாது என்பர். ஆயினும் மிசிசிப்பியின் ஆட்டக் களங்களிலே முடிவின்றி நீண்ட பாட்டும் அந்த மூன்று நிமிடத்துக்குள்ளேதான் சுருக்கப்பட்டது. கருவியின் அருமையும் காரணமன்று. கைச்சாவியால் முறுக்கி இயக்கும் கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. தட்டுக்கு வேண்டிய அரக்குங்கூட இந்தியக் காடுகளிலிருந்தே உலகெங்கும் சென்றது.

உண்மைக் காரணம் வாங்குவோரிடத்தில் உள்ளது. 1920ஆம் ஆண்டு மேமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பெண்மணி பாடிய தட்டு எதிர்பாராத வகையில் விற்றது. கறுப்பின மக்கள் தம் இனத்தவரின் குரலைக் காசு கொடுத்து வாங்குவர் என்பதை அமெரிக்க நிறுவனங்கள் அப்போதே கண்டுகொண்டன. சார்லி பாற்றனின் பாட்டை 1929இல் பதிந்த பரமவுண்ட் நிறுவனம், விஸ்கொன்சின் மாநிலத்து நாற்காலி உற்பத்தியாளர் ஒருவரின் கிளை நிறுவனமேயாகும். கிராமபோன் பெட்டிகளை விற்பதற்குத் தட்டுகளும் வேண்டியிருந்தன, அவ்வளவே. பாற்றனை அந்நிறுவனத்துக்கு அறிமுகஞ் செய்தவரான எச்.சி. ஸ்பியர், ஜாக்சன் நகரிலே கறுப்பின மக்கள் வாழ்ந்த வீதியில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தவர். கடைக்கு வந்தோர் எதனைக் கேட்டனரோ அதனையே அவர் தேடிச் சென்றார். பாடுவோரும் வாங்குவோரும் ஒரே மக்களாயிருந்தமையால், பாட்டு தன் கரடுமுரடு கெடாமலே தட்டேறிற்று. அதனை மெருகிடும்படி கேட்க அங்கே எவருமில்லை.

அன்றியும், 1910கள் தொடங்கி 1970 வரை ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். தோட்டத்தை விட்டு வெளியேறினோருக்கு ஒரு சிக்காகோ இருந்தது. அங்கே வாரக் கூலி, தமக்கென வீதி, தமக்கெனக் கடை ஆகியவை கிடைத்தன. மாத்தளைத் தொழிலாளருக்கு அத்தகைய நகரம் இல்லை. தோட்டத்துக்கு வெளியே அவர்களுக்கென நிலமுமில்லை, ஆலையுமில்லை. அரிசியும் கடனும் கழிந்த பின் கையில் எஞ்சிய காசில் தட்டு வாங்குவோர் எத்தனை பேர்?

தமிழ் இசைத்தட்டு வணிகத்தின் நடுநிலையமாகச் சென்னை விளங்கிற்று. பின்னாளிற் படத்துறையிற் புகழ்பெற்ற ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரும் தொடக்கத்தில் இசைத்தட்டு வணிகத்தில் ஈடுபட்டவரே. கருநாடக இசை, பக்திப் பாடல், நாடகத் தொடர், 1931க்குப் பின் பேசும்படப் பாட்டு ஆகியவையே அவ்வணிகத்தின் பெரும் பகுதியாயின. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள், எம்.கே. தியாகராஜ பாகவதர் ஆகியோரின் குரல் கடல் கடந்து இலங்கைக்கும் வந்தது. தோட்டத்து மக்களும் அக்குரலில் மகிழ்ந்தனர். ஆனால் அங்கே ஒலித்தது அவர்கள் குரலன்று.

இதிலே அயலாரை மாத்திரம் குறைகூறுதல் நேர்மையாகாது. தப்பு சாதியோடு பிணைக்கப்பட்ட கருவி. இழவுக்கும் அம்மன் விழாவுக்கும் அதனை வேண்டியோரே, அதனை அடித்த கையைத் தீண்டத் தயங்கினர். கற்றோர் அவை அதனை இசையென ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவிலும் தேவாலயத்தார் புளூஸ் பாட்டைப் பேயின் இசை என்றனர். கறுப்பினத்துக் கற்றோருட் சிலரும் அதனைக் கேட்க நாணினர். ஆயினும் அங்கே காசு கொடுத்து வாங்கியோர் நாணவில்லை. இங்கே நாணாதவரிடம் காசில்லை, காசுடையார் நாணினர். இதுவே இரு வரலாறுகளுக்கும் இடையிலான வேறுபாட்டின் சாரம்.

பைலாவும் துள்ளிசையும்

இலங்கையிலே அடித்தள மக்களின் தாளம் எதுவுமே தட்டேறவில்லை என எண்ணுதல் தவறு. போர்த்துக்கேயர் காலத்தில் இங்கே கொணரப்பட்ட ஆபிரிக்கரிடமும், போர்த்துக்கேய வழிவந்த பறங்கியரிடமும் வளர்ந்த கப்ரிஞ்ஞா ஆட்டத்திலிருந்து பைலா தோன்றிற்று. பொலிஸ் சேவையிற் பணியாற்றிய வாலி பஸ்தியன் அதனைச் சிங்களத்திற் பாடி நாடெங்கும் பரப்பினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுப் படையினர் அமைத்த ஒலிபரப்புக் கருவிகளை வழியுரிமையாகப் பெற்ற இலங்கை வானொலி, 1950களில் தென்னாசியா முழுவதும் கேட்கப்பட்டது. தமிழ், இந்திப் படப் பாட்டோடு மேனாட்டு மெல்லிசையும் அதன்வழி இல்லங்களை அடைந்தது. மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டிகள் வந்தபின் லய அறைகளும் அதற்கு விலக்காயிருக்கவில்லை.

இவ்விரு ஓட்டங்களும் கலந்ததன் பயனாக, 1960களின் பிற்பகுதியிலே தமிழ்ப் பொப்பிசை என்னும் துள்ளிசை பிறந்தது. யாழ்ப்பாணத்தவரான நித்தி கனகரத்தினம் பைலாத் தாளத்திலே பேச்சுத் தமிழைப் பாடினார். ஏ.ஈ. மனோகரன் ‘சுராங்கனி’ பாட்டின் மூலம் தமிழகத்திலும் புகழ் பெற்றார். ஆபிரிக்க வேருடைய தாளமொன்றைத் தமிழ் இளைஞர் தமதாக்கிக்கொண்டது ஜாகரும் ரிச்சர்ட்ஸும் செய்ததற்கு ஒப்பானதே. எனினும், அவ்விளைஞர் தாளந்தேடிச் சென்றது கடற்கரைப் பக்கம். மலையிலே முழங்கிய தப்பின் பக்கமன்று. தமிழகத்தில் 1976இல் ‘அன்னக்கிளி’ படத்தின் வாயிலாக இளையராஜா நாட்டுப்புற மெட்டுக்குப் பெருஞ் சந்தையைத் திறந்தபோதுதான், தமிழ் மண்ணின் பாட்டும் விலைபோகும் என்பதை இசை வணிகர் நன்கு உணர்ந்தனர்.

1964

மேலே கூறிய ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’ தட்டு வெளிவந்தது 1964ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள். அதற்கு இரண்டு கிழமைக்கு முன், ஒக்டோபர் 30ஆம் நாள், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் புதுதில்லியில் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்ட மக்களை அது எண்களாகப் பகுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர்த் தீர்மானிக்கப்படும். அப்பின்னைய தீர்மானம் 1974இல் ஏற்பட்டது. இரு நாடுகளும் பாதிக்குப் பாதி ஏற்றன.

ஒரு தோட்டத்து மக்களின் பாட்டு இலண்டனில் முதலிடம் நோக்கி ஏறிய அந்த நாட்களிலேயே, மற்றொரு தோட்டத்து மக்கள் பட்டியலிட்டுப் பிரிக்கப்பட்டனர். இதனைத் தற்செயல் ஒற்றுமை என விட்டுவிடலாம். ஆனால் அதன் விளைவு தற்செயலானதன்று. கூத்துக்குப் பாடுவோர், தப்படிப்போர், வேடம் புனைவோர், கதையறிந்த முதியோர் எனப் பலர் வேண்டும். ஒருவர் பெயர் ஒரு நாட்டிலும் மற்றவர் பெயர் மறு நாட்டிலும் விழுந்தால் கூத்து எங்ஙனம் நடைபெறும்? பாட்டன் நடந்து வந்த மன்னார்க் கரைக்கே பேரர் புகையிரதத்திற் சென்றனர். தலைமன்னாருக்குச் சென்ற அவ்வண்டியை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர், எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதிக்கு அப்பெயரையே சூட்டினார்.

ஹவ்லின் உல்ப்பின் கதை அவ்வாறு முடியவில்லை. 1965ஆம் ஆண்டு மே மாதம், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அமெரிக்கத் தொலைக்காட்சியிற் பாட அழைக்கப்பட்டபோது, அவரும் அதே மேடையிற் பாடவேண்டும் என வற்புறுத்தினர். தட்டு வாங்கிக் கேட்டுப் பழகிய இளைஞர், தட்டிலே பாடிய முதியவரின் காலடியில் அமர்ந்து கேட்டனர். சொந்த நாட்டார் பலர் அவரை முதன்முதல் கண்டது அன்றுதான்.

ஏடும் ஒலியும்

மாத்தளையிலும் மலைநாட்டின் பிற இடங்களிலும் முயற்சியே நிகழவில்லை என்பது பொருளன்று. தொழிற்சங்கத் தலைவரான கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மாள், மக்கள் அறிந்த மெட்டுகளிலே உரிமைப் பாட்டுகளை அமைத்து மேடைகளிற் பாடினார். அவற்றை அச்சிட்டும் பரப்பினார். கவிஞரும் 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தில் தலவாக்கலையின் உறுப்பினராயிருந்தவருமான சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டந்தோட்டமாகக் கேட்டறிந்த பாட்டுகளைத் தொகுத்தார். அவை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என 1983இல் நூலாயின. அவ்வாண்டு யூலை வன்செயலிலேதான் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும் எரியூட்டப்பட்டது. மாத்தளை வடிவேலன் மலையகத்துப் பாரம்பரியக் கலைகளை ஆராய்ந்து எழுதினார். இவர்கள் செய்தது அலுவிகாரைத் துறவியர் செய்த தொண்டினை ஒத்தது. நாவில் இருந்ததை ஏட்டில் ஏற்றினர்.

ஆயினும் ஏடு சொல்லையே காக்கும். தப்பின் அடி விரைந்து தளரும் இடத்தையும், ஒப்பாரியில் குரல் உடையும் இடத்தையும் எழுத்திற் பொறித்தல் அரிது. ஜாகரின் கையிலிருந்தது பாட்டுப் புத்தகமாயிருந்திருப்பின், ரிச்சர்ட்ஸ் அதனை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு வண்டியேறியிருப்பார். அவரை நிறுத்தியது அத்தட்டுகளிலிருந்த ஒலியே. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அலுவிகாரையின் நூலகமே பெரிதும் அழிந்தது. எனினும் ஓதும் வழக்கம் துறவியரிடத்தில் உயிரோடிருந்தமையால் மறை அழியவில்லை. ஏடும் குரலும் ஒன்றையொன்று தாங்கும்போதே எதுவும் நிலைக்கும்.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றோர் என்னும் சொல் பெருமளவு நீங்கிற்று. இசைத்தட்டு நிறுவனத்தின் தயவும் இன்று வேண்டியதில்லை. ஒலியைப் பதியும் கருவி ஒவ்வோர் இளைஞரின் சட்டைப் பையிலும் உள்ளது. இரத்தோட்டைப் பக்கத்திலோ எல்கடுவைப் பக்கத்திலோ மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் இரவில், பாட்டறிந்த முதியவரின் அருகில் அமர்ந்து அதனைப் பதிவதற்கு ஒரு காசும் செலவில்லை. 1929இல் ஜாக்சன் நகரக் கடைக்குள் நுழைந்து தம்மவரின் குரலைத் தரும்படி கேட்ட மக்கள் அப்பாட்டுக்கு முதற் பாதுகாவலராயினர். மாத்தளைத் தப்புக்கும் அத்தகைய பாதுகாவலர் அதன் பேரப்பிள்ளைகளே. அவர்கள் நாணாமல் கேட்பாராயின், கடல் கடந்து கேட்போர் தாமே வருவர்.